டிவி அறைச் சாவி

கிரிவலப் பாதையில் நான் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தேன். மலை என் இடது கைப் பக்கம் இருந்தது. வேலைக்குப் போகிறவர்களும் மாடு ஓட்டுகிறவர்களும் அங்கே எந்தப் பக்கமும் நடப்பார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கோணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் தனியாகப் போனால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூட்டையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, ஒரு அலுமினிய டம்ளர். வலது செருப்பின் வாரில் ஊக்கு போட்டிருந்தேன். பத்தடிக்கு ஒரு தரம் அது விரலைக் குத்தியது. புளியமரங்களுக்குப் பின்னால் களத்தில் வேர்க்கடலைக் கொடி காய்ந்துகொண்டிருந்தது.

அடி அண்ணாமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் இடுப்பில் ஏதோ உறுத்துவது தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். அரைஞாண் கயிற்றில் சாவி.

டிவி அறையின் சாவி. இன்னொரு சாவி முதல் மாதமே தொலைந்துவிட்டதால், இருந்தது அது ஒன்றுதான். மணி நான்கு இருக்கும். ஆறு மணிக்கு ஊர்ப் பிள்ளைகள் கோணியை விரித்துக்கொண்டு அந்த அறைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். நானோ அந்த ஊருக்கு இனித் திரும்புவதில்லை என்று அன்று காலைதான் முடிவு செய்திருந்தேன்.

இந்த வாரம் இதை எழுதக் காரணம் ஒரு கடிதம். போளூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் டிவியில் எதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்ய வேண்டியது அரசாங்கமா, பெற்றவர்களா, நீங்கள் ஊர் ஊராகத் திரிந்தவராயிற்றே, உங்கள் கருத்தென்ன என்று கேட்கிறார்.

நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பதில் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் ஒரு ஊரில் அந்த முடிவு ஏழெட்டு மாதம் என் இடுப்பில் தொங்கியது. அதை வேண்டுமானால் சொல்லலாம்.

மலை மறைத்த பெட்டி

ஊரின் பெயர் வேண்டாம். கிரிவலப் பாதையிலிருந்து மேற்கே விலகி, நிலக்கடலைக் காடுகளுக்கு நடுவில் இருந்தது. எண்பதுகளின் பாதி. இன்று கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் அப்போது ஏரியும் வயலும்தான். கலெக்டரைப் பார்க்க வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகளுக்குத் தண்ணீர் சுமந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். கோடையில் கிணறு வற்றியதும் அந்த வேலையும் வற்றிப்போனது. அந்த அறைகளுக்குப் பால் ஊற்றும் முனுசாமிதான் தன் ஊரில் ஒரு வேலை இருப்பதாகச் சொன்னான்.

பஞ்சாயத்துக்கு அரசாங்கம் ஒரு கறுப்பு வெள்ளை டிவி கொடுத்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய ரேடியோ அறையில் அதை வைத்திருந்தார்கள். சாயங்காலம் திறந்து, நிகழ்ச்சி முடிந்ததும் பூட்ட ஒரு ஆள் தேவை. ஊர்க்காரன் எவனை வைத்தாலும் அடுத்த தெரு சண்டைக்கு வரும் என்று தலைவர் வெளியாளாகத் தேடினார். யாருக்கும் உறவில்லாதவன் என்பதுதான் என்னிடம் இருந்த தகுதி. அறையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார். கூரை இருந்தது. எனக்கு அது போதும்.

பெட்டிக்கு இரண்டு மரக்கதவுகள் உண்டு. ஜன்னலை ஒட்டி, வெளியே பார்த்து வைத்திருந்தது. சனங்கள் மண்தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பேன். எனக்குப் பின்னால் என் பாய், பழைய ஒலிபெருக்கிக் குழாய்கள், பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். தூங்கி எழுந்தால் தலையெல்லாம் அந்த பவுடர் நெடி அடிக்கும்.

மெட்ராஸுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் மலை நின்றது. ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கட்டியும் படம் தெளியவில்லை. எல்லா முகத்தின் மேலும் அரிசி இறைத்த மாதிரி புள்ளிகள்.

"சாமி மறைக்கிறாருபா. அவருக்கும் பாக்கணும் இல்ல" என்பான் முனுசாமி.

பச்சையம்மாவின் கை

முதல் மாதமே வம்பு வந்தது. வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு போடுவார்கள். அதில் மழையில் நனைகிற பாட்டு ஒன்று வந்தது. படம் புள்ளியாக இருந்தாலும் நனைவது தெரிந்தது. மறுநாள் காலை பத்துப் பன்னிரண்டு பெண்கள் அறை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு முன்னால் நின்றவள் பச்சையம்மா. கடலைக் காட்டில் களை எடுப்பவள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். அவள் கணவன் ஏழுமலை மாட்டு வண்டி ஓட்டினான். ஒரே பெண், பெயர் மலர், நான்காவது படித்தது.

வேண்டாத பாட்டு வந்தால் பெட்டியை மூடிவிட வேண்டும் என்றார்கள். எது வேண்டாத பாட்டு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்போது பால் கேனோடு வந்து நின்ற முனுசாமி நடுவில் புகுந்தான்.

"அரசாங்கம் பாத்துதான அனுப்புது? மெட்ராஸ்ல படிச்சவங்க பாத்து வுடறாங்க. அதுக்கு மேல நீங்க இன்னாத்த பாக்கப் போறீங்க?"

பச்சையம்மா அவன் பக்கம்கூடத் திரும்பவில்லை.

"மெட்ராஸ்ல கீறவனுக்கு எம் பொண்ணு பேரு தெரியுமா?" என்றாள். "எனக்குத் தெரியும். நான் சொல்றேன் எத்த மூடணும்னு."

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. அவள் முதல் வரிசையில் ஜன்னலுக்கு நேராக உட்காருவாள். வலது கையைத் தூக்கினால் நான் கதவுகளை இழுத்து மூட வேண்டும். இறக்கினால் திறக்க வேண்டும். பின்வரிசை ஆம்பளைகள் முனகுவார்கள். ஒருவன் அவளைச் சிக்னல் கம்பம் என்றான். "ஆமா, வண்டி வருது, தள்ளிக்கோ" என்றாள்.

கதவு மூடியிருந்தாலும் சத்தம் வரும். பிள்ளைகள் மரக்கதவைப் பார்த்தபடி பாட்டைக் கேட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டார்கள். உள்ளே உட்கார்ந்து கதவு இடுக்கில் எட்டிப் பார்த்த எனக்குத் தெரியும், அவர்கள் சொன்னதில் கால்வாசிகூட அதில் இல்லை.

அவள் கை ஒருநாளும் உயராத நேரம் ஒன்று இருந்தது. செய்திக்கு அடுத்த நேரம். அது அரசாங்கம் பேசும் நேரம். அதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

செய்திக்குப் பிறகு

செய்தி முடிந்ததும் சில நாள் காணாமல் போனவர்கள் அறிவிப்பு வரும். ஒரு போட்டோ அசையாமல் நிற்கும். ஒரு பெண் குரல் படிக்கும். பெயர், வயது, உயரம், நிறம், காணாமல் போன அன்று அணிந்திருந்த உடை. பெரும்பாலும் பிள்ளைகள், இல்லாவிட்டால் வயதானவர்கள். அந்தக் குரலில் துக்கமும் இருக்காது, அவசரமும் இருக்காது.

அந்த நேரம் மட்டும் நான் அறையை விட்டு வெளியே வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பேன்.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். எழுபதுகளில் ஒரு நாள், பன்னிரண்டு வயதில், கடலை மூட்டை ஏற்றிய லாரியில் ஏறி நான் வீட்டை விட்டுப் போனேன். செய்யாற்றுப் பக்கம் எங்கள் ஊர். அப்பா அடித்தார் என்பது காரணம். எல்லா அப்பாவும் அடித்த காலம் அது என்பதால் அதைப் பெரிய காரணமாகச் சொல்ல இன்று கூச்சமாக இருக்கிறது.

நான் தேடியது என் பெயரை. முட்டாள்தனம்தான். எனக்கு அப்போது இருபத்தைந்தை ஒட்டி வயது. எங்கள் வீட்டில் என் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அதைக் கொடுக்க அப்பா இருக்கிறாரா என்பதும் தெரியாது. இருந்தாலும் மலை மறைத்த அந்தப் படத்தில் ஒவ்வொரு முகமும் புள்ளி புள்ளியாக இருந்தது. குரல் பெயரைப் படிக்கும் வரைக்கும் அது யாராகவும் இருக்கலாம். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் வெளியே வந்து நின்றேன்.

பெயர் வந்துவிட்டால் என்ன செய்திருப்பேன்? தெரியாது. அன்றே வேறு ஊருக்கு ஓடியிருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது.

அட்டைப்பெட்டி

டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிள்ளைகள் என்னிடம் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒரு பக்கம் வெட்டி ஜன்னல் செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அதை வைத்து டிவி விளையாட்டு. முதலில் பாட்டு. பிறகு செய்தி. கடைசியில் ஒரு நாள் பார்த்தால் 'காணவில்லை' விளையாட்டு.

ஒரு பிள்ளை அட்டைப்பெட்டிக்குள் முகத்தை வைத்து அசையாமல் இருக்கும். இன்னொரு பிள்ளை அந்த அறிவிப்புக் குரலில் படிக்கும். நான் தண்ணீர் பிடிக்க அடி பம்புக்குப் போகும்போது மலரின் முறை. அவளே உள்ளே இருந்து, அவளே படித்துக்கொண்டாள்.

பெயர் மலர். வயது ஒன்பது. நிறம் மாநிறம். இடது புருவத்தில் வெட்டுக்காய வடு உண்டு. காணாமல் போன அன்று ஊதா நிறப் பாவாடையும் மஞ்சள் சட்டையும் அணிந்திருந்தாள்.

முடித்ததும் மற்ற பிள்ளைகள் உச்சுக் கொட்ட வேண்டும். அதுதான் விளையாட்டின் விதி. எல்லோரும் நன்றாக உச்சுக் கொட்டினார்கள். அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பச்சையம்மாவும் அதைப் பார்த்திருக்கிறாள். அவள் சிரிக்கவில்லை. அன்று நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஜன்னலுக்குக் கிட்டே வந்து நின்றாள்.

"தம்பி, செய்திக்கு அப்பால வருதே, காணம்னு சொல்றது. அத்தயும் மூடிடு."

"ஏன்க்கா?"

"எம் பொண்ணு இன்னிக்கு இன்னா கேட்டா தெரியுமா? காணாம போனா நம்ம பேர மெட்ராஸ்ல சொல்வாங்களாம்மான்னு கேக்கறா."

"அது அரசாங்க அறிவிப்புக்கா. மூடக் கூடாது. மூடினா கேஸ் ஆவும்."

அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் பெட்டியை ஈரம் படாமல் வைக்க வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. நான் பொய் சொன்னேன். மூடிவிட்டால் வெளியே நின்று நான் பார்க்க முடியாது.

கேஸ் என்ற வார்த்தைக்கு அவள் பயந்தாள். "அரசாங்கத்துக்கு ஒரு பொண்ணு இருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊதாப் பாவாடை

அதற்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து இருக்கும். சாயங்காலம் நான் டீக்கடையிலிருந்து வந்து பூட்டைத் தொடப்போனபோது பச்சையம்மா ஓடி வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு மலர் வீட்டுக்கு வரவில்லை. சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு அவளோடு ஓடினேன்.

அன்று டிவி திறக்கவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. அவரவர் பிள்ளையை அவரவர் வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆம்பளைகள் கிணறுகளில் கொக்கிகள் தொங்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் விட்டுப் பார்த்தார்கள். கரண்டி எதிலாவது தட்டும் ஒவ்வொரு தரமும் பச்சையம்மா கையைத் தூக்கினாள். போதும் என்கிறாளா, நிறுத்து என்கிறாளா என்று தெரியவில்லை.

என்னையும் ஏழுமலையையும் டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். ஒரே சைக்கிளில் போனோம். அங்கிருந்த ஏட்டு நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். போட்டோ கேட்டார்.

ஏழுமலை விழித்தான். போட்டோ இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டில் யாரும் போட்டோ எடுத்ததே இல்லை.

என்ன உடை என்று கேட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தான். காலையில் இருட்டோடு வண்டி கட்டிப் போனவனுக்கு எப்படித் தெரியும்? "பாவாடைதான் சார்" என்றான்.

"ஊதாப் பாவாடை, மஞ்சள் சட்டை" என்று நான் சொன்னேன். "வயது ஒன்பது. மாநிறம். இடது புருவத்தில் வெட்டுக்காய வடு."

எழுதிக்கொண்டே வந்த ஏட்டு பேனாவை நிறுத்தினார்.

"நீ யாருப்பா? அப்பாவுக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரியுது?"

விளையாட்டில் கேட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? டிவி ஆபரேட்டர் என்றேன். அவர் என் பெயரையும் ஊரையும் தனியாக ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். என் பெயரைப் போலீஸ்காரர் ஒருவர் எழுதியது அதுதான் முதல் முறை.

டிவியில் சொல்ல முடியுமா என்று ஏழுமலை கேட்டான். போட்டோ இருந்தால் மெட்ராஸுக்கு அனுப்பலாம், வருவதற்குப் பத்து நாளாவது ஆகும் என்றார் அவர்.

இரவெல்லாம் பாதையில் இருந்த மண்டபங்களில் தேடிவிட்டு, விடிந்த பிறகு ஊருக்குத் திரும்பினோம். ஏழுமலைக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. என் அறையில் குடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று அழைத்துப் போனேன்.

பூட்டைத் திறந்தேன்.

"வந்துதா?"

பிளீச்சிங் பவுடர் மூட்டைகளுக்கும் டிவி பெட்டிக்கும் நடுவில் மலர் உட்கார்ந்திருந்தாள். என் போர்வையைச் சுற்றியிருந்தாள். பவுடர் நெடியில் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எம் பேரு வந்துதா?" என்றாள்.

முந்தின நாள் நான் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவள் உள்ளே வந்து ஒளிந்திருக்கிறாள். காணாமல் போனால் அன்று சாயங்காலமே பெயர் வந்துவிடும் என்பது அவள் கணக்கு. பெட்டிக்குப் பின்னால் இருந்தால் முகத்தைப் பார்க்க முடியாவிட்டாலும் பேரைக் கேட்கலாம். கேட்டதும் வெளியே வந்துவிடலாம். அவ்வளவுதான் திட்டம்.

நான் குடத்தை வைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அதன் பிறகு அந்த அறையை யாரும் திறக்கவில்லை. ஜன்னலைப் பெட்டி அடைத்திருந்ததால், இருட்டியதும் அவள் கதவைத் தட்டியிருக்கிறாள். கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஊரே கிணற்றடியிலும் ஏரிக்கரையிலும் இருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் தேட யாருக்கும் தோன்றவில்லை. இரவு முழுவதும் அவளைத் தேடி ஓடிய என் இடுப்பில்தான் அவள் அறையின் சாவி இருந்தது.

ஏழுமலை அடிக்கக் கையை ஓங்கினான். பிறகு அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

கூட்டம் சேர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கல்யாணமாகாத வெளியூர்க்காரன். அவன் படுக்கும் அறை. வெளியே பூட்டு. சாவி அவனிடம். யார் எப்படி நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. யாரோ என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். "எங்கூடதான் இருந்தாம்பா ராத்திரி பூரா" என்று ஏழுமலை சொன்னான். அது எல்லோர் காதிலும் விழவில்லை.

பச்சையம்மா வந்தாள். பெண்ணை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரம் நான் சட்டையைப் பிடித்த கையை விலக்கவில்லை. கடைசித் தெரு நாய் ஒன்று வந்து என் செருப்பை முகர்ந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவள் கூட்டத்தைப் பார்த்து, "அந்தாள வுடுங்க" என்றாள். "எம் பொண்ணு எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டா. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. போய் வேலயப் பாருங்க."

சட்டை விடுபட்டது. கலைந்து போனார்கள். அவள் மலரை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணின் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"மூடச் சொன்னேனே தம்பி" என்றாள். "கேஸ் ஆவும்னியே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அந்த ஊரிலேயே இருந்திருப்பேன். அவள் அரசாங்கத்தைத்தான் நொந்துகொண்டாள். கேஸ் உண்டு என்று இன்னமும் நம்பினாள்.

எதிர்த்திசை

வழக்கமான பக்கம் நடந்திருந்தால் பச்சையம்மா களை எடுக்கும் காட்டைத் தாண்டிப் போக வேண்டும். அதனால்தான் எதிர்த்திசை.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். சாவி வராவிட்டால் பூட்டை உடைப்பார்கள். அதற்கு நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் எந்தப் பிள்ளையும் எதையும் பார்க்காது. பக்கத்துக் குளத்தில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நினைத்தவுடன் பயமாக இருந்தது. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று நானாக எடுத்த ஒரு முடிவு எங்கே கொண்டுவந்து விட்டது என்று பார்த்தவன் நான்.

செங்கம் ரோட்டில் பால் ஊற்றிவிட்டு முனுசாமி காலிக் கேன்கள் சத்தம்போட சைக்கிளில் வந்தான்.

"இன்னாப்பா, சாமிக்கே எதிர்ல போற?"

போகிறேன் என்றேன். அவன் சைக்கிளை விட்டு இறங்கினான். நடந்ததெல்லாம் தெரியும் அவனுக்கு. இரண்டு நாள் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், திரும்பி வா என்றான். நான் சாவியை நீட்டினேன்.

"தலைவர்கிட்ட குடுக்கணுமா?"

"வேணாம். பச்சையம்மாக்காகிட்ட குடு."

"பொம்பளகிட்டயா? தலைவர் ஒத்துப்பாரா?"

"குடு. கேஸ் எதுவும் ஆவாதுன்னு சொல்லு. எத்த வேணா மூடலாமாம்னு சொல்லு."

"இன்னா கேஸு?"

"சொன்னா அவங்களுக்குப் புரியும். நான் பொய் சொன்னேன்னும் சொல்லு."

அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். கேன் சத்தம் வளைவு தாண்டும்வரை கேட்டது.

தலைவர் ஒத்துக்கொண்டார். இரண்டு மூன்று வருடம் அவளிடம்தான் சாவி இருந்தது என்று பின்னால் ஒரு தீபத்தன்று முனுசாமியைப் பார்த்தபோது சொன்னான். செய்தி முடிந்ததும் பிள்ளைகளை எழுப்பி வீட்டுக்கு விரட்டிவிடுவாளாம். ஆனால் பெட்டியை மூடுவதில்லையாம். ஜன்னலுக்கு நேராகத் தனியாக உட்கார்ந்து, கடைசிப் பெயர்வரை கேட்டுவிட்டுத்தான் பூட்டுவாளாம்.

போளூர்க்காரருக்கு நான் சொல்லக்கூடியது அதுதான்.

அன்று சாயங்காலம் பெய்த தூறலில் ஒரு மண்டபத்தில் ஒதுங்கினேன். போர்வையை விரித்தபோது பவுடர் நெடி அடித்தது. மடித்து வைத்துவிட்டு வெறும் கல்லில் படுத்தேன்.

மறுநாள் காலை

டவுனில் ஒரு சினிமாக் கொட்டகை. கேட்டில் டிக்கெட் கிழிக்க ஆள் வேண்டும் என்று சிலேட்டில் எழுதி மாட்டியிருந்தார்கள். மேனேஜர் முன்னால் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். பஞ்சாயத்து டிவி என்றேன்.

"ஓகோ, உங்களாலதான் ஞாயித்துக்கிழம சாயங்காலம் என் கொட்டாயி காத்து வாங்குதா?" என்றார். ஆனால் உடனே நிற்கச் சொன்னார். காலைக் காட்சிக்கு ஆள் இல்லை.

போஸ்டரில் வட்டத்துக்குள் 'ஏ' போட்டிருந்தது. பிள்ளைகளை விடக்கூடாது, அரசாங்க உத்தரவு என்றார் மேனேஜர். போகிற போக்கில் திரும்பி, "பெரியவங்க கூட வந்தா வுட்டுடு. அது அவங்க பாடு" என்றார்.

முப்பது பேர் வந்தார்கள். கடைசியில் ஒருவர், தோளில் ஒரு பெண் குழந்தை. மூன்று வயது இருக்கும், தூங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மனைவியைப் பார்க்க மதியம்தான் விடுவார்களாம், அதுவரை வெயிலில் எங்கே நிற்பது என்றார். "தூங்குது. எதையும் பாக்காது" என்றார். நான் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியை அவர் கையில் வைத்தேன். கதவுக்குப் பக்கத்து இருக்கையைக் காட்டினேன்.

காட்சி முடிந்து எல்லோரும் போனார்கள். அந்த ஆளும் குழந்தையோடு வெளியே போனதைக் கண்ணால் பார்த்தேன். மேனேஜர் பூட்டையும் சாவியையும் கொடுத்து, மேட்னிவரைக்கும் பூட்டிவிடு என்றார்.

நான் உள்ளே போனேன். விளக்கைப் போட்டு, முதல் வரிசையிலிருந்து குனிந்து குனிந்து ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்தேன்.

"இன்னாத்தத் தேடற?" என்றார் மேனேஜர் வாசலிலிருந்து.

ஒன்றுமில்லை என்றேன். அடுத்த வரிசைக்குக் குனிந்தேன்.